ஸ்ரலாவ் கோயிலில் ஒரு விளையாட்டு

கேசோரின் கல்யாணம் மாசி மாதம் நடந்தது. மாப்பிள்ளை கோசல் பெரிய ஏரியிலிருந்து வந்த மீன்காரன். தண்ணீர்மேல் மிதக்கும் வீட்டில் பிறந்து தண்ணீர்மேலேயே வளர்ந்தவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி, தாலிக்கயிறு மாதிரி கையில் சிவப்புக் கயிறு கட்டி முடிந்ததும் பெண்வீட்டோடு வந்து தங்கிவிட்டான். கடைசிப் பெண்ணுக்குத்தான் வீடு என்பதும் எங்கள் வழக்கம். கேசோர் கடைசிப் பெண். அவள் அம்மாவுக்குப் பிறகு அந்த வீடும், சுற்றி நிற்கும் மாமரங்களும் இந்த மீன்காரனுக்குப் போய்ச்சேரும் என்பது கல்யாணப் பந்தலிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது பெரிய அண்ணன் விபோலுக்கு.

விபோலைக் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அவன் சிரிக்கவைப்பவன். சாவு வீட்டில்கூட அவனைச் சுற்றி நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். முன்பு கண்ணிவெடி எடுக்கும் குழு ஒன்றில் வேலை பார்த்தான். குடித்துவிட்டு வேலைக்குப் போனதால் அனுப்பிவிட்டார்கள். வேலை போனாலும் அந்தக் குழுவின் பச்சைச் சட்டையை அவன் கழற்றவில்லை. நிலத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

கோசலுக்கு நிலம் என்றாலே பயம். நிச்சயம் பேச வந்த அன்றே, வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்க, "உங்க வயல்ல வெடியெல்லாம் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவன் நடந்து தேய்ந்த பாதையை விட்டு ஓர் அடி இறங்கமாட்டான். "மாடு போன தடம் பாத்துத்தான் எங்க மாப்ள வெளிக்கே போவாரு" என்று விபோல் தேநீர்க் கடையில் சொல்லிச் சிரிக்கவைப்பான். கோசலும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டோடு மாப்பிள்ளைக்கு வேறென்ன வழி?

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதை அவன் கேசோரிடம் மட்டும்தான் சொன்னான். அவனுடைய அண்ணன் மரம் வெட்டக் கரைக்குப் போனவன், வெடியை மிதித்து, துணியில் சுற்றிய மூட்டையாகத்தான் படகில் திரும்பி வந்தான். அப்போது கோசல் சின்னப் பையன். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து வீட்டுக்குள் தூக்கிப் போட அவனைத்தான் கூப்பிட்டார்களாம். இதைக் கேசோர் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அண்ணி சொக்கோமிடம் சொன்னாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அண்ணி அதைப் புருஷன் விபோலிடம் சொன்னாள்.

சித்திரைப் புத்தாண்டின் இரண்டாம் நாள் எல்லோரும் ஸ்ரலாவ் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அம்மா மட்டும் பிக்குகளுக்குச் சோறு படைக்க விகாரைக்குப் போய்விட்டாள். சின்ன அண்ணன் பிருண் கை டிராக்டரை ஓட்டினான். பின்னால் பலகை வண்டியில் விபோல், சொக்கோம், கேசோர், கோசல். நடுவில் பனிக்கட்டிப் பெட்டி, சுட்ட கோழி, சோற்றுப் பானை, மாங்காய், மிளகாய் உப்பு, மூங்கில் குழாய்களில் பனங்கள். விடிந்து வெகுநேரம் ஆகாதபோதே வெயில் முதுகில் அறைந்தது. வயல்கள் வெடித்துக் கிடந்தன. காட்டுக்குள் நுழைந்தால் குளிர்ச்சி இருக்கும் என்று நினைத்தார்கள். அங்கே இலையெல்லாம் உதிர்ந்து, காடே அடுப்புக்குள் வைத்த விறகுக்கட்டு மாதிரி நின்றது.

வழியோரம் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு வெடி எச்சரிக்கைப் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. கோசல் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"மச்சான், கோயில்ல..."

"கோயில்ல என்ன மாப்ள?"

"இல்ல, சுத்தம் பண்ணிட்டாங்கதானே?"

"சுத்தம் பண்ணதே நான்தான்யா. எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அப்படி இல்ல மச்சான்."

"நான் கொஞ்சம் கள்ளு போட்டுட்டுத்தான் பண்ணேன். ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கலாம்."

வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். கேசோர் புருஷன் தொடையைக் கிள்ளி, "சும்மா சொல்றாங்க, நீங்க வேற" என்றாள்.

ஸ்ரலாவ் கோயில் பெரிய கோயில் இல்லை. யாரோ ஒரு ராஜா கட்டினான், யாரோ விட்டுவிட்டுப் போனான். கோபுரம் ஒன்றுதான் முழுசாக நிற்கிறது. அதன் தலையில் உட்கார்ந்த மரம் வேர்களை நாலு பக்கமும் தொங்கவிட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் சரிந்த கல். கல்லுக்குக் கல் பல்லிகள். சுவரில் நிற்கும் தேவகன்னிகளில் பாதிப் பேருக்கு முகம் கிடையாது. சண்டைக் காலத்தில் யாரோ உளி வைத்துப் பெயர்த்து எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். ஆனாலும் புத்தாண்டுக்குப் புத்தாண்டு சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போவார்கள். அன்றைக்கு என்னவோ வேறு யாரும் வரவில்லை. எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள்.

கோசல் இதற்கு முன் கோயில் இடிபாடு எதையும் பார்த்ததில்லை. முதலில் கேசோர் காலடி வைத்த இடத்திலேயே அவனும் வைத்து வந்தான். பிறகு வெளிப்பிராகாரத்துச் சுவரைக் கண்டான். கூரை விழுந்துவிட்டது, சுவர் மட்டும் நீளமாக நின்றது. அதில் தேவர்கள் ஒரு பக்கம், அசுரர்கள் ஒரு பக்கம், பாம்பைப் பிடித்துப் பாற்கடலைக் கடைகிறார்கள். கீழே கடல். கடல் முழுக்க மீன்.

"கேசோர்! இங்க வா! விரால் பாரு, விரால்!"

"அதுக்கென்ன இப்ப?"

"செதில்கூடச் செதுக்கியிருக்கான் பாரேன். இது கெளுத்தி. மீசை இருக்கு பாத்தியா? இது எங்க வீட்டு அடியில கெடக்குமே, அது! அந்தக் காலத்துல எங்க ஆளுங்களக் கூட்டிட்டு வந்து வேலை வாங்கியிருப்பாங்க போல."

கல்லில் வாயைத் திறந்து நின்ற மீன் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, பேர் சொல்லிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்தான். கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் இப்படிச் சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதில்லை. கீழே பார்க்கவே மறந்துவிட்டான். பாதையை விட்டு இறங்கி, சருகு மூடிய முற்றத்துக்குள் வந்துவிட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

காலுக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அசையாத!"

விபோலின் குரல்தான். வழக்கமான குரல் இல்லை. வேலைக் காலத்துக் குரல். கோசல் அப்படியே நின்றுவிட்டான். ஒரு கை சுவர்ப்பக்கம் நீண்டபடி நின்றது.

விபோல் மெல்ல வந்து வயிற்றின்மேல் படுத்தான். சருகை ஒவ்வொன்றாக எடுத்தான். கோசலின் செருப்புக்கடியில் வாயை வைத்து ஊதினான். இடுப்புக் கத்தியை உருவி மண்ணில் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்தான்.

"மச்சான்?"

"பேசாத."

மீண்டும் ஊதினான். பிறகு தலையைத் தூக்காமல், ரொம்ப அமைதியாகச் சொன்னான். "மிதிச்சிட்ட மாப்ள. காலை எடுக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. எடுத்தா, இடுப்புக்குக் கீழ எதுவும் இருக்காது."

செருப்புக்கடியில் இருந்தது மீன் டப்பா மூடி. போன வருஷம் யாரோ தின்றுவிட்டுப் போட்டது.

எங்கள் பக்கத்தில் புதைத்தவை எல்லாம் மிதித்த அந்தக் கணமே வெடிப்பவை. காலை எடுத்தால் வெடிப்பது சினிமாவில்தான். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஏரியில் வளர்ந்தவனுக்குத் தெரியாது. அவன் பார்த்ததெல்லாம் பாட்டரியில் ஓடும் டிவியில் போட்ட சண்டைப் படங்கள்தான்.

விபோல் எழுந்து, கோசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். சொக்கோம் துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். கேசோருக்கும் சிரிப்பு வந்தது. அவன் முகம் போன போக்கு அப்படி. ஒரு நிமிஷ விளையாட்டு என்றுதான் நினைத்தாள்.

"பிருண், வண்டிய எடு," என்றான் விபோல். "நான் வேலை பாத்த ஆபீஸுக்குப் போயி ஆளயும் சாமானயும் கூட்டிட்டு வா. சீக்கிரம்!"

பிருண் ஓடிப்போய் டிராக்டரைக் கிளப்பினான். சத்தம் தூரப் போய்த் தேய்ந்தது. கோயில் குளத்துக்கு அந்தப் பக்கம் போய் வண்டியை நிறுத்திவிட்டு, கல்மேட்டைச் சுற்றி நடந்து கோபுர நிழலுக்கு வந்துசேர்ந்தான். வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"பாரத்தை மாத்தாத. உக்காராத. நாங்க தள்ளி இருக்கணும், அதுதான் முறை," என்று கோசலிடம் சொல்லிவிட்டு விபோலும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். கோபுர வாசலிலிருந்து பார்த்தால் முற்றத்துச் சுவரோரம் கோசலின் முதுகு தெரியும். அவனால் திரும்பிப் பார்க்க முடியாது.

பாயை விரித்தார்கள். கோழியைப் பிய்த்தார்கள்.

"எப்பச் சொல்லப்போற?" என்றாள் கேசோர்.

"சாப்பிட்டு முடிக்கட்டும்."

"வெயிலு கொளுத்துதுண்ணே."

"வீட்டை வாங்கிட்டுப் போறவன் கொஞ்சம் வெயிலு தாங்கமாட்டானா?"

"உம் புருஷன உப்புக்கண்டம் போட்டுத் தர்றோம்டி. கெடாம இருப்பான்," என்றாள் சொக்கோம். கேசோர் சிரித்தாள். கொடுத்த கோழிக்காலை வாங்கிக்கொண்டாள். பசி வேறு.

வெயில் உச்சிக்கு ஏறியது. சுற்றிலும் இருந்த கல்லெல்லாம் அனல் கக்க, முற்றத்தில் காற்று நெளிந்தது. கோசலின் சட்டை முதலில் முதுகோடு ஒட்டி, பிறகு காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு தடவை லேசாகச் சாய்ந்து, சட்டென்று நிமிர்ந்தான். சருகுக்கடியிலிருந்து வந்த சிவப்பெறும்புகள் அவன் காலில் ஏறத்தொடங்கியிருந்தன. அவன் காலை உதறவில்லை. தொடைச் சதை மட்டும் குதிரைத் தோல் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

கேசோர் ஒரு குவளையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்தாள்.

"போயி ஒளறிடாத," என்றான் விபோல்.

அவள் சொல்லத்தான் போனாள். உண்மையாகவே சொல்லத்தான் போனாள். பாதி முற்றம் தாண்டுவதற்குள் அவள் காலடிச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிட்டது.

"யாரு? கிட்ட வராதீங்க!"

"நாந்தான்."

"கேசோர், வராத! அங்கேயே நில்லு! உனக்கென்ன பைத்தியமா?"

"தண்ணிங்க..."

"கீழ வச்சிட்டுப் போ. வேணாம், வைக்காத, குனியாத. அங்க ஏதாச்சும் இருந்துடப் போகுது. வந்த தடத்துலயே திரும்பிப் போ."

அவள் அவன் பக்கமாகப் போய், கையை நீட்டிக் குவளையை அவன் உதட்டில் வைத்தாள். அவன் குடித்தான். பாதி தாடையில் வழிந்தது. குடித்தபடியே அழுதான். குளிக்கப் போன பிள்ளை குளிரில் அழுகிற மாதிரி, சத்தமே இல்லாமல்.

"கேளு," என்றான். "அவங்க வர்றதுக்குள்ள கால் மரத்துப் போச்சுன்னா நான் விழுந்துடுவேன். எங்கம்மாகிட்ட மூட்டையா கொண்டு போகாதீங்க. இங்கேயே எரிச்சிடுங்க. அவங்களால இன்னொரு தடவை பாக்க முடியாது. நீ வேற கல்யாணம் பண்ணிக்க. தரைக்காரனா பாத்துப் பண்ணிக்க. நான் உனக்கு ஒண்ணும் செய்யல, உன் வீட்டுலயே சாப்பிட்டேன். ஆனா ராத்திரி நீ என் கையைத் தலைக்கு வச்சுத் தூங்குவியே, அது போதும் எனக்கு. இப்பப் போ, தங்கமில்ல, போ."

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? 'விளையாட்டுங்க' என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால், இவ்வளவு நேரமும் தெரிந்துதான் இருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அண்ணன் ஆள் அனுப்பியிருக்காங்க, வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நிழலுக்கு வந்ததும், "போதும்ணே, அழறாரு" என்றாள்.

"அழறானா?" விபோலின் முகம் மலர்ந்தது. கள் ஏறியிருந்தது. கைகளை வாயில் குவித்துக்கொண்டு கத்தினான். "மாப்ள! ரத்தம் காலுக்கு எறங்கக் கூடாது! ரெண்டு கையயும் தலைக்கு மேல தூக்கு!"

கோசல் தூக்கினான்.

"அப்படியே வச்சிரு! மயக்கம் வருதா?"

"இல்ல மச்சான்!"

"எனக்கெப்படித் தெரியும்? பாடு! குரல் நடுங்கினா எனக்குத் தெரிஞ்சுடும்! ஏதாச்சும் பாடு!"

கோசல் உதட்டை நக்கிக்கொண்டான். பிறகு பாடினான். ஏரியில் வலை இழுக்கும்போது ஆள்மாற்றி ஆள் பாடுகிற பாட்டு. ஒருவன் கேட்பான், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கேள்வியையும் பதிலையும் அவனே பாடினான். கைகள் தலைக்கு மேலே இருந்தன. குரல் கட்டிப்போய்க் காற்றாகத்தான் வந்தது. கால்சட்டையின் பின்புறம் கறுத்து நனைந்து, ஈரம் குதிகால் வரை இறங்கியது. சொக்கோம் அதைக் காட்டிச் சிரித்தாள். பிருண் சிரிக்கவில்லை.

"போதும் விடுண்ணே. நல்லா இல்ல."

"நல்லா இல்லன்னா நீயும் போயி அவன் பக்கத்துல நில்லு."

பிருண் எழுந்து கோபுரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் செய்தது அவ்வளவுதான். விபோல் இன்னொரு குழாயைக் காலி பண்ணிவிட்டு, துண்டை முகத்தில் போட்டுப் படுத்தான். சற்று நேரத்தில் குறட்டை. சொக்கோமும் அவனுக்குப் பக்கத்தில் சாய்ந்தாள். பாடு என்று சொன்னவன் தூங்கிவிட்டான்; நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

கேசோர் அண்ணனை உலுக்கினாள். எழவில்லை. பாட்டில் வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வெறும் முனகல் ஆனபோது அவள் எழுந்து ஓடினாள்.

"என்னங்க, காலை எடுங்க. ஒண்ணுமில்ல. வெடி இல்ல. விளையாட்டு."

அவன் உதடு வெடித்திருந்தது. கண் எங்கேயோ இருந்தது. "போ," என்றான்.

"மீன் டப்பாங்க அது! அண்ணன் சும்மா சொன்னாங்க!"

"ஆள் வரமாட்டாங்களா?"

"யாரையும் அனுப்பவே இல்லங்க!"

"சரி. வரமாட்டாங்க." அவன் மெல்லத் தலையாட்டினான். "நான் கஷ்டப்படறதப் பாக்க முடியாம சொல்ற. தெரியாம எடுத்துடட்டும்னு சொல்ற. நல்லதுதான். நீ தள்ளிப் போனதும் எடுக்கறேன். அந்தக் கோபுரத்துக்குப் பின்னால போ. காதைப் பொத்திக்க."

"ஐயோ, நம்புங்களேன்!"

அவள் பக்கத்தில் போய் அவன் காலுக்கு அருகில் ஓங்கி மிதித்தாள். அவனுடைய செருப்புமேலேயே தன் காலை வைத்து அழுத்தினாள். அவன் அலறினான். தலைக்கு மேல் மரத்துப்போயிருந்த இரண்டு கைகளையும் எப்படியோ கீழே இறக்கி, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவளைத் தள்ளினான். அவள் பின்னால் பறந்துபோய்ச் சரிந்த கல்லில் விழுந்தாள். முன்கை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. தள்ளிய வேகத்தில் அவனும் மறுபக்கம் குப்புற விழுந்து, தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பல்லி மட்டும் சுவரில் ஓடியது.

வெகுநேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினான். தவழ்ந்து போய் அந்த மூடியை மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்தான். திருப்பிப் பார்த்தான். அதில் சாயம் போன மீன் படம் இருந்தது. கால் முழுக்க எறும்புக் கடியில் தடித்திருந்தது. அதைக்கூடத் தட்டிவிடவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

கேசோர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலியில் அவளுக்கு மூச்சே வரவில்லை.

"தண்ணி கொண்டுவந்தியே, அப்பத் தெரியுமா?"

ஆமென்று தலையசைத்தாள்.

"உங்கையில கோழி வாசம் அடிச்சுது," என்றான். "பாவம், பயத்துலயும் பசிக்கத்தானே செய்யும்னு நெனச்சேன்."

அதற்குள் சத்தம் கேட்டு விபோல் எழுந்து கோபுர வாசலுக்கு வந்துவிட்டான். கைதட்டினான். "என்ன மாப்ள, வெடிச்சுதா? உனக்குள்ள இப்படியொரு பாட்டுக்காரன் இருக்கான்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே!"

கோசல் எழுந்து நடந்தான். ஒரு கால் இழுத்தது. அடிக்கத்தான் வருகிறான் என்று விபோலே ஓர் அடி பின்வாங்கினான். கோசல் அவனைத் தாண்டிப் போனான். பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து, உருகிக் கிடந்த தண்ணீரில் முகத்தை முக்கி, மாடு குடிக்கிற மாதிரி குடித்தான். நிமிர்ந்தான். கண் மேலே சொருகியது. பாய்மேல், கோழி எலும்புகளுக்கு நடுவில் விழுந்து கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் போதை தெளிந்தது. பனிக்கட்டியை அவன்மேல் கொட்டி, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கேசோரின் கைக்குக் கட்டுப் போட்டார்கள். நர்ஸ் என்ன நடந்தது என்று கேட்டபோது, "வெயில்ல கோயில் சுத்திப் பாத்தாங்க" என்றான் விபோல்.

கோசல் பிழைத்தான். அவன் பாயில் கிடந்த நாட்களில் மாமியார்தான் கஞ்சி ஊட்டினாள். கேசோர் கிண்ணத்தை எடுத்துவந்தால் வாயைத் திறக்கமாட்டான். கோபமாகவும் இல்லை, அவள் அங்கே இல்லாத மாதிரி இருந்தான். என்ன ஆயிற்று என்று அம்மா எல்லோரையும் கேட்டுக் கேட்டுக் கடைசியில் பிருண் சொன்னான்.

அம்மா விபோலைக் கூப்பிட்டாள். "வீடு வேணும்னா எங்கிட்ட வாயத் தெறந்து கேட்டிருக்கலாமேடா."

"வீட்டுக்காகவாம்மா? சும்மா சிரிக்கத்தாம்மா செஞ்சேன்."

"சிரிக்க?"

"நெசமாம்மா. ஒரு விளையாட்டுகூடத் தாங்கமாட்டேங்கறான், நான் என்ன பண்ண?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வான்.

நிற்க முடிந்த அன்றே கோசல் ஒரு மூட்டையோடு கிளம்பிவிட்டான். மாமியார் காலில் விழுந்து கும்பிட்டான். தார்ச்சாலை வரை நடுப்பாதையில் நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினான். ஊர் அவனை நினைத்து வருத்தப்பட்டதா என்றால், இல்லை. ஸ்ரலாவ் கோயில் பாட்டு எல்லாக் கல்யாண வீட்டிலும் கேட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு விபோல் நடித்துக் காட்டும்போது கிழவர்கள்கூடக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மாப்பிள்ளை இல்லாத வீட்டில் ஆம்பளைத் துணை வேண்டாமா என்று சொல்லி, விபோல் தன் மாடுகளைத் தூண்மேல் நிற்கும் அம்மா வீட்டுக்கு அடியில் கொண்டுவந்து கட்டினான். பிறகு சொக்கோமின் அடுப்பும் வந்தது. அம்மா தடுக்கவில்லை. பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டாள்.

கைக்கட்டு பிரித்ததும் கேசோர் ஏரிக்குப் போனாள். மழைக்கு முந்தைய நாட்கள். தண்ணீர் வற்றி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. சேற்று விளிம்பில் ஒரு படகுக்காரனைப் பிடித்து, வீடு வீடாகக் கேட்டு, வந்து சேர்ந்தாள்.

கோசலின் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம் மருமக வந்துட்டாளே!" என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினாள். பெரிய விராலாகப் பார்த்து அடித்தாள். "இவன் காய்ச்சல்னு சொல்லி வந்தான், வாயே தெறக்கல. சண்டையா உங்களுக்குள்ள? என்ன கழுதை பண்ணான், சொல்லு, நான் கேக்கறேன்."

கோசல் மூலையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் கேசோருக்குத் தெரிந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத்தை, அவரு ஒண்ணும் பண்ணல," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மீன் சுவர், மூடி, கை தூக்கியது, பாட்டு. அண்ணியிடம் மூட்டைக் கதையைச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். மூட்டை என்றதும் கிழவி மீன் அரிவதை நிறுத்தினாள். கேட்டு முடிக்கும் வரை அசையவில்லை.

"அவ்வளவு நேரம் நீ எங்க இருந்த?"

"நிழல்ல, அத்தை."

கிழவி கத்தியைக் கழுவினாள். திட்டவில்லை. அடுப்பை ஊதி, குழம்பு வைத்து, சோற்றைப் போட்டு, மீனின் நடுத்துண்டைக் கேசோரின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. தூரம் போகணும்" என்றாள். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். அதையும் சாப்பிட வேண்டியிருந்தது.

கோசல்தான் படகில் கொண்டுவிட்டான். வழியில் தண்ணீர் இந்த வருஷம் ரொம்பக் கீழே போனது, மீன் சின்னதாக இருப்பது, ஆகாயத்தாமரை அதிகமாகிவிட்டது என்று தெரியாத ஊர்க்காரரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தான். அவளுடைய கை சரியாகிவிட்டதா என்று கேட்டான். சரியாகிவிட்டது என்றாள்.

கரை வந்தது. அவள் இறங்கவில்லை.

"நான் மறுபடி வரலாமா?"

அவன் வானத்தைப் பார்த்தான். தெற்கே கறுத்திருந்தது.

"மழை வந்தா தண்ணி ஏறும். எங்க வீடெல்லாம் நகந்துடும். எங்க இருப்போம்னு எங்களுக்கே தெரியாது."

"கேட்டுக் கேட்டு வந்துடுவேன்."

அவன் படகு ஆடாதபடி கழியைச் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொண்டான். அவள் இறங்கினாள். சேறு முழங்கால் வரை உள்ளிழுத்தது. காலைப் பிடுங்கி மேட்டில் ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள், அவன் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டான். அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் திரும்பியிருக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.